பிடித்த மீனை விடுவதா, வெட்டுவதா? ஈயக் குட்டைகளில் நடக்கும் வழக்கு

பேராக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈயக் குட்டைப் பக்கம் போனால் ஒரே மீனுக்காக வந்திருக்கும் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் சில நூறு ரிங்கிட் கொடுத்து, வழிகாட்டி வைத்து, படகில் வந்திருப்பார். மீனைப் பிடிப்பார், கையில் ஏந்திப் படம் எடுப்பார், பிறகு மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிடுவார். இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வந்து கரையில் நிற்பார். அதே மீன் மாட்டினால் தலையில் ஒரு தட்டு, அப்புறம் வாளி. ஏன் என்று முதலாமவரைக் கேட்டால் மீனைக் காப்பாற்றுகிறேன் என்பார். இரண்டாமவரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே பதில்தான் வரும். இந்த மீனைக் கொன்றால்தான் நம் மீன்கள் பிழைக்கும் என்பார்.

அந்த மீனின் பெயர் பீகாக் பாஸ். தூண்டில்காரர்கள் சுருக்கமாக 'பிபி' என்கிறார்கள். இது இந்த மண்ணின் மீன் இல்லை. நம் ஆறு குளங்களில் பெருகிவிட்ட அயல் மீன்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதன் பெயரும் வருகிறது. லங்காட் ஆற்றில் தொண்டர்கள் வலை வீசி 'ஈக்கான் பண்டாராயா'வைக் கூடை கூடையாக அள்ளும் காணொளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மீனை விரும்புகிறவர் யாரும் இல்லை. அதனால் அங்கே சண்டையும் இல்லை. பிபியின் கதை வேறு. இதற்கு ரசிகர்கள் உண்டு, சந்தை உண்டு, இதை நம்பி அடுப்பெரியும் வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் சில நம் வீடுகள்.

பெயரில் மயிலும் இருக்கிறது, பாஸும் இருக்கிறது. உண்மையில் இது இரண்டும் இல்லை. அமெரிக்க ஏரிகளில் லட்சக்கணக்கான டாலர் பரிசு வைத்துப் பிடிக்கிறார்களே, அந்த பாஸுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது சிக்லிட் குடும்பத்து மீன். நம் சந்தையில் விற்கும் திலாப்பியாவுக்குத்தான் ஒன்றுவிட்ட சொந்தம். சொந்த ஊர் அமேசான். பிரேசிலில் துகுனாரே என்பார்கள். வால் அடியில் மஞ்சள் வளையம் போட்ட கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும், தோகையில் உள்ள கண்ணைப் போல. மயில் என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் பகலில்தான் இரை தேடும். தெளிந்த தண்ணீர் வேண்டும். குளிர் ஆகாது, தண்ணீர் 15, 16 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் செத்துவிடும். நம் நாட்டில் எந்தக் குட்டையும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

1990களில் அலங்கார மீன் வியாபாரம் வழியாகவும் விளையாட்டுத் தூண்டில்காரர்கள் வழியாகவும் இது இங்கே வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யார், எந்தக் குட்டையில் முதலில் விட்டார்கள் என்பதற்கு ரசீது கிடையாது. ஆனால் வீடு மட்டும் தயாராக இருந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிரம்பியது. பத்துகாஜா, தஞ்சோங் துவாலாங், கம்பார், மாலிம் நாவார் பக்கம் போகிறவர்கள் சாலையின் இரு பக்கமும் பார்க்கும் பச்சைத் தண்ணீர் அதுதான். ஆழம், தெளிவு, ஓட்டமில்லாத தண்ணீர், செங்குத்தான கரை. பிபிக்கு இதைவிட நல்ல இடம் அமேசானிலேயே கிடைக்குமா என்பது சந்தேகம்.

நம்மவர்களுக்கும் இந்தக் குட்டைகள் புதிதல்ல. கிந்தாவில் ஈயமும் ரப்பரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. லயத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் தூண்டிலோடு ஓடியது கான்களுக்கும் இந்தக் குட்டைகளுக்கும்தான். பிடித்தது விரால், கெளுத்தி, பூயூ, செப்பாட். விராலை அருவான் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பிரசவமான பெண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தவருக்கும் புண் ஆற அருவான் குழம்பு வைப்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். தமிழ் படித்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வராலும் வாளையும் துள்ளாத மருதத் திணையை நினைத்துப் பார்க்க முடியாது. நம் நாவில் விரால் ருசி ஏறி இரண்டாயிரம் ஆண்டு இருக்கும்.

பிபிக்காக வழிகாட்டியோடு போவது எப்படி இருக்கும் என்று பார்க்கக் கிந்தா மாவட்டத்தில் ஒரு குட்டையில் ஒரு நாள் முழுக்கப் படகில் இருந்தேன். தன் பெயரையும் குட்டையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டார். பெயர் வெளியே வந்தால் அடுத்த வாரமே நாற்பது பேர் கரையில் நிற்பார்கள் என்பது அவர் கவலை. வயது நாற்பதைத் தாண்டியவர். அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் டவுனுக்கு வந்து மலிவு விலை வீட்டில் குடியேறியது. வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறு படகு. முழு நாளுக்கு 400 ரிங்கிட், இரண்டு பேர் வரை. கெவாங்கும் தூண்டிலும் அவரே தருவார். மதியச் சாப்பாடு நாசி லெமாக் பொட்டலம்.

காலை ஆறரைக்குப் படகு இறங்கியது. முதல் வேலையாக மிதவைச் சட்டையைக் கையில் கொடுத்தார். நீச்சல் தெரியும் என்றேன். "தெரிஞ்சவங்கதான் தம்பி இங்க போறாங்க" என்றார். ஈயக் குட்டையின் கரை இரண்டு அடி தள்ளி அப்படியே கீழே இறங்கிவிடும், மண் வழுக்கும். பள்ளி விடுமுறைதோறும் நாம் படிக்கும் செய்திகளில் பாதி இந்த மாதிரிக் கரையில் நடப்பவை. அதனால் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பெட்ரோல் மோட்டாரைக் குட்டையின் நடுவோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்தான், சத்தமே இல்லை. எட்டு மணி வரை ஒன்றும் கடிக்கவில்லை. எனக்குப் பொறுமை போனது, அவருக்குப் போகவில்லை. "வெயில் ஏறட்டும். இது ராத்திரி மீன் இல்ல. பாத்துத்தான் அடிக்கும்" என்றார். கெளுத்திக்கு இரவில் மண்புழு போட்டு உட்காரும் நம் ஆட்களின் வித்தை இதற்கு உதவாது. வெயில் தண்ணீருக்குள் இறங்கியதும் மூழ்கிக் கிடந்த மரக்கட்டை ஒன்றின் பக்கத்தில் கெவாங்கை வீசச் சொன்னார். அது தண்ணீர் மேல் துப்பித் துப்பி வரும் வகை. மூன்றாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அந்த ஒரு கிலோ மீனை இழுக்க என் இரண்டு கையும் போதவில்லை. இதற்காக ஆட்கள் சிங்கப்பூரிலிருந்து காரோட்டி வருகிறார்கள் என்று கேட்டால் இனிமேல் நான் சிரிக்க மாட்டேன்.

அன்று கிடைத்தவை ஏழு பிபி, ஒரு தோமான். ஏழும் தண்ணீருக்கே திரும்பின. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது பிடித்தது இல்லை. அவர் பிடிக்க விடாதவை.

பத்து மணி வாக்கில் கரையோரம் தண்ணீரில் சிவப்பாக ஒரு கூட்டம் மேலே வந்து குமிழி விட்டுப் போனது. தோமான் குஞ்சுகள். அப்பனும் ஆத்தாளும் கீழேயே காவல் இருக்கும். குஞ்சுகளின் நடுவே எதை எறிந்தாலும் ஆத்திரத்தில் வந்து அடிக்கும். பெரிய தோமான் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை என்பது நாடு முழுவதும் தெரிந்த விஷயம். நான் கையைத் தூக்கினேன், அவர் தடுத்துவிட்டார். பெற்றவை போனால் அரை மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் காலி செய்துவிடும் என்றார். சரி, தோமான் நம் மண்ணின் மீன், அதைக் காப்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த திருப்பத்தில் இன்னொரு கூட்டம். இது பிபி குஞ்சு. காவலுக்கு ஒரு ஜோடி. ஆணின் தலையில் முட்டைப் பருவத்துத் திமில் தெரிந்தது. அங்கேயும் வீச விடவில்லை.

"இது அயல் மீன்தானே அண்ணே. இதைப் பிடிச்சா நல்லதுதானே?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "கவர்மெண்டு அப்படித்தான் சொல்லுது. எனக்கும் தெரியும். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப இந்தக் கரையில செப்பாட்டு அவ்ளோ இருந்துச்சு. இப்ப கண்ணுல காட்டச் சொல்லுங்க. ஆனா தம்பி, இந்தக் குஞ்சுதான் எனக்கு அடுத்த வருஷம் மாசத் தவணை" என்றார்.

இந்த விவகாரத்தில் நான் படித்த, கேட்ட எல்லாவற்றையும்விட அந்த மூன்று வரிகளில் நேர்மை அதிகம். மீன் கெடுதி செய்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. கெடுதி என்று தெரிந்த ஒன்றின் மேல்தான் அவர் பிழைப்பு நிற்கிறது. அவரைக் குற்றவாளி ஆக்கினால் சிக்கல் தீர்ந்துவிடாது. தியாகி ஆக்கினாலும் தீராது.

கெடுதி எவ்வளவு என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பனாமாவின் கத்தூன் ஏரி. பனாமா கால்வாய்க்காக உண்டாக்கிய ஏரி அது. 1960களின் இறுதியில் பிபி அதற்குள் புகுந்தது. 1973-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுப்படி, அங்கே சாதாரணமாகக் காணப்பட்ட எட்டு மீன் இனங்களில் ஆறு ஏறக்குறையத் துடைத்து எடுக்கப்பட்டன. சின்ன மீன்கள் போனதால் அவற்றைத் தின்னும் பறவைகளும் குறைந்தன. கொசுப் புழுவைத் தின்ன மீன் இல்லாமல் மலேரியாக் கொசு பெருகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 45 ஆண்டுகள் கழித்து வேறொரு குழு போய்ப் பார்த்தபோதும் அந்த ஏரி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிரேசிலிலேயே, தன் சொந்த ஆற்றை விட்டுத் தெற்கே பரானா ஆற்று அணைகளில் விடப்பட்ட இடங்களில் இதே மீன் இதே வேலையைச் செய்திருக்கிறது.

இன்னொரு பக்கம் அமெரிக்காவின் புளோரிடா. அங்கே 1984-ல் அரசாங்கமே இந்த மீனை வாங்கி வந்து தென்கிழக்குக் கால்வாய்களில் விட்டது. ஏற்கெனவே புகுந்துவிட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியாவை இது தின்னும், சுற்றுலாவும் வளரும் என்பது கணக்கு. இன்று ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு மீன்தான் எடுத்துப் போகலாம், அதில் ஒன்றுதான் 17 அங்குலத்துக்கு மேல் இருக்கலாம் என்று சட்டம் போட்டுக் காக்கிறார்கள். இங்குள்ள பிபி ரசிகர்கள் அடிக்கடி எடுத்துக் காட்டும் உதாரணம் இது. அதில் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புளோரிடாவுக்கு ஒரு வேலி இருக்கிறது. வடக்கே போனால் குளிர்காலத்தில் மீன் செத்துவிடும். அதை நம்பித்தான் விட்டார்கள். நமக்கு அந்த வேலி இல்லை. பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை ஆண்டு முழுவதும் இதற்கு ஏற்ற வெப்பம்தான்.

அப்படியானால் நமக்கு வேலி எது? என் கணிப்பில் அது குட்டையின் கரைதான். ஈயக் குட்டை என்பது பெரும்பாலும் ஒரு கிண்ணம். அதில் உள்ள மீன் தானாக அடுத்த கிண்ணத்துக்குப் போக முடியாது. இரண்டு வழிகளில்தான் போகும். ஒன்று வெள்ளம்: கரை தாண்டித் தண்ணீர் கானுக்குள் போய், கான் ஆற்றில் சேரும்போது மீனும் சேர்ந்து போகும். இன்னொன்று மனிதன். ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையில் ஐம்பது குஞ்சு, மோட்டார் சைக்கிள் கூடையில் அரை மணி நேரப் பயணம், ராத்திரியில் ஒரு குட்டையில் 'தர்மம்'. நாடு முழுக்க இந்த மீன் சிதறிக் கிடப்பதை வெள்ளத்தால் மட்டும் விளக்க முடியாது. ஒரு ஆற்றுப்படுகைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மலை இருக்கிறது. மலையை மீன் ஏறித் தாண்டவில்லை.

இதனால்தான் 'பிடித்தால் விடு', 'பிடித்தால் கொல்' என்ற இரண்டு கோஷங்களும் எனக்குக் குறி தவறியவையாகப் படுகின்றன. மூடிய குட்டை ஒன்றில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் மீனை வார இறுதித் தூண்டில்காரர் ஒருவர் விடுவதால் புதிதாக எந்தப் பேரழிவும் வந்துவிடாது. அவர் பத்து மீனைக் கொன்றாலும் அந்தக் குட்டையிலிருந்து இனம் அழியாது. தூண்டிலால் ஒரு குட்டையைத் துடைக்க முடியாது. ஆறு என்றால் கதை வேறு, அணை ஏரி என்றால் கதை வேறு. அங்கே மாட்டும் ஒவ்வொரு பிபியும் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. செபாராவும் கெலாவும் தெங்காஸும் இருக்கும் தண்ணீர் அது. தெமெங்கோரிலும் கென்யீரிலும் படகோட்டிப் பிழைக்கும் பூர்வகுடி மக்களும் கம்பத்து மக்களும் நம்பியிருப்பது அந்த நாட்டு மீன்களைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். 1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி உயிர்மீனை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். விஷம், வெடி, மின்சாரம் வைத்துப் பிடிப்பதும் குற்றம். இவை நாடு முழுவதற்கும் பொது. ஆனால் உள்நாட்டு நீர்நிலை என்று வரும்போது கூட்டரசு ஒதுங்கிக்கொள்கிறது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் எந்த ஆற்றில், எந்த மீனை, எந்த அளவில், எந்தக் கருவியால் பிடிக்கலாம் என்று விதி போட வேண்டியது ஒவ்வொரு மாநிலமும். மீன்வளத் துறையின் ஆய்வாளர்கள் புத்ராஜெயா தலைமையில் வேலை செய்கிறார்கள். விதியோ மந்திரி பெசார் அலுவலகத்தில் இருக்கிறது. குட்டை இருக்கும் நிலம் நில அலுவலகத்தின் கணக்கு. அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்த 2021-2025 காலத்துக்கு ஒரு தேசியச் செயல் திட்டம் போட்டார்கள். 2030-க்குள் அயல் உயிரினங்கள் புதிதாகப் புகுந்து நிலைகொள்ளும் வேகத்தைப் பாதியாகக் குறைப்போம் என்று 2022 டிசம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் சேர்ந்து இலக்கு வைத்தன. இவற்றில் எதுவும் நான் போன குட்டையின் கரை வரை வந்து சேரவில்லை. கரையில் ஒரு பலகை இருந்தது. அதில் எழுதியிருந்தது 'ஆபத்து, ஆழம்' என்று மட்டும்தான்.

பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கேயும் நீர்த்தேக்கங்களில் பிபி இருக்கிறது. லோவர் செலேத்தாரில் அதற்காகவே ஆட்கள் நிற்பார்கள். ஆனால் ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் தூண்டில் போடலாம், செயற்கை இரை மட்டும்தான் பயன்படுத்தலாம், எந்த உயிரினத்தையும் தண்ணீரில் விடக் கூடாது என்று எழுதி வைத்து, மீறினால் அபராதமும் போடுகிறார்கள். சின்ன நாடு, ஒரே அரசாங்கம், செய்ய முடிகிறது. தாய்லாந்து வேறு வழியில் போனது: கறுந்தாடைத் திலாப்பியா கடலோர மாவட்டங்களில் பெருகி இறால் பண்ணைகளைத் தின்னத் தொடங்கியதும் 2024-ல் கிலோ 15 பாட் விலை வைத்து அரசே வாங்கியது. மீனுக்கு விலை வைத்தால் மீனவர் வலையை எடுப்பார், உண்மை. ஆனால் விலை வைத்த மீனை யாராவது இரகசியமாக வளர்க்கவும் தொடங்கலாம் என்ற பயம் அங்கேயும் எழுந்தது. பிபிக்கு இங்கே விலை வைத்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும்; வளர்க்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். குட்டைகளையும் ஆறுகளையும் ஒரே விதியில் கட்டாதீர்கள். ஆற்றோடு தொடர்பில்லாத குட்டைகள் எவை, மழைக்காலத்தில் வழிந்து ஆற்றில் கலப்பவை எவை என்று மாநிலம் பிரித்துக் குறிக்கட்டும். முதல் வகையில் பிபி வழிகாட்டிகள் தொழில் செய்யட்டும். அதற்கு உரிமம் கொடுங்கள், கட்டணம் சிறியதாக இருக்கட்டும், மிதவைச் சட்டை கட்டாயமாகட்டும். உரிமத்துக்கு ஒரே ஒரு கடுமையான நிபந்தனை: உயிர்மீனைக் குட்டையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. கொண்டுபோகிறவரைப் பார்த்தால் சொல்ல வேண்டும். குட்டைக்குக் குட்டை நள்ளிரவில் யார் பையோடு வருகிறார்கள் என்பது ஈப்போவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது, வழிகாட்டிக்குத் தெரியும். இன்றைக்கு அவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவரே அனுமதி இல்லாமல் படகு இறக்குகிறவர்.

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். உரிமம் கொடுத்தால் அயல் மீனுக்கு அரசாங்கமே முத்திரை குத்தியது போலாகும் என்று சூழல் ஆர்வலர்கள் சொல்கிறார்கள். ஒரு குட்டையில் பணம் வந்தால் அடுத்த ஊர்க்காரனும் தன் குட்டையில் மீன் விடத்தான் பார்ப்பான் என்பது அவர்கள் வாதம். நியாயமான பயம். ஆனால் இப்போது முத்திரை இல்லாமலேயே அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. முத்திரை இருந்தால் குறைந்தபட்சம் முத்திரை இல்லாத குட்டையில் பிபி காணப்படும்போது அது யாரோ கொண்டுவந்து விட்டது என்று அடையாளம் தெரியும்.

இதில் வழிகாட்டிகள் அதிகம் பேசாத இன்னொரு விஷயம் இருக்கிறது. அவர்கள் காக்கும் குட்டை அவர்களுடையது இல்லை. ஈயக் குட்டைகள் ஒவ்வொன்றாக வேறு உருவம் எடுக்கின்றன. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு காலத்தில் உலகின் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த பள்ளம் இன்று ஹோட்டலும் பேரங்காடியும் சூழ்ந்த ஏரி. சில குட்டைகளை மண் கொட்டி மூடி வீடு கட்டினார்கள், சிலவற்றில் மீன் பண்ணை, சிலவற்றில் மணல் எடுக்கிறார்கள், சிலவற்றின் மேல் சூரிய மின்தகடுகள் மிதக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்துக்காரரிடம் கிராண்ட் இல்லை. குட்டை விற்கப்படும்போது படகுக்காரரிடமும் இருக்காது. உரிமம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமம் உள்ள தொழிலாளியிடம் குறைந்தது ஒரு கடிதமாவது அனுப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

கரையில் வாளியோடு நிற்பவரை மறந்துவிட வேண்டாம். இந்த வழக்கில் அதிகம் இழந்தவர் அவர்தான். அவருக்கு விளையாட்டு வேண்டாம், குழம்பு வேண்டும். பிபியின் சதை வெள்ளையாக, முள் குறைவாக, கெட்டியாக இருக்கும். பொரித்தால் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பிபிக்குப் பின்னால் எத்தனை செப்பாட்டும் பூயூவும் போயின என்பதை அவர் வாளி எடை போடாது. இன்னொன்றும் உண்டு. ஈயம் எடுத்த மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்றவை இருக்கக்கூடும் என்பதால் இந்தக் குட்டை மீன்களைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலமுறை சோதித்திருக்கிறார்கள். குட்டைக்குக் குட்டை, மீனுக்கு மீன் அளவு வேறுபடுகிறது. அந்த அளவுகளைக் கரையில் உள்ள பலகையில் மலாய், சீனம், தமிழ் என மூன்று மொழியிலும் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? தினமும் அங்கே பிடித்துத் தின்கிறவர்கள் யார் என்று பார்த்தால், அந்தப் பலகை இத்தனை ஆண்டும் ஏன் வரவில்லை என்று புரிந்துவிடுகிறது.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பிபியோ, ரெட்டெயிலோ, அராபைமாவோ வளர்க்கிறவர்கள் நம்மிடையே நிறைய. வாங்கும்போது விரல் நீளம், ஒரு வருடத்தில் தொட்டி போதாது. அப்போது கானிலோ குட்டையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள், வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள், முடியாவிட்டால் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஆற்றில் தூண்டில் போடும்போது வாலில் மயில்கண் உள்ள மீன் மாட்டினால் திரும்ப விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எந்த நாள் என்று ஒரு படத்தோடு அதே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மீன் எந்த ஆற்றுக்குள் புகுந்திருக்கிறது என்ற வரைபடம் அந்தத் தகவல்களிலிருந்துதான் வர வேண்டும்.